குதிரையின் புரதமும் உடம்பின் சினமும்

பிரம்மதேசம் முதலாகத் திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்துக் கிராமங்களில் நெல்லறுக்கவும் மல்லாட்டை பிடுங்கவும் வயலில் இறங்குகிறவர்களுக்கு நல்லபாம்பும் கண்ணாடிவிரியனும் கட்டுவிரியனும் சுருட்டைவிரியனும் புதியவை அல்ல. கடிபட்டவரை முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரிக்கோ திண்டிவனத்து ஆஸ்பத்திரிக்கோ கொண்டுசேர்த்து, விஷமுறிவு மருந்தை ஏற்றத் தொடங்கிய சில நிமிஷங்களில், இது விஷத்தின் வேலையா மருந்தின் வேலையா என்று உற்றார் மலைக்கும்படி, உடம்பெங்கும் தடிப்பு எழும்பி, அரிப்பெடுத்து, மூச்சும் முட்டுவது சில சமயம் உண்டு.

அம்மருந்து பிறக்கும் விதத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978-இல் தோன்றிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பைக் கொல்லாமல் எடுத்துத் தரும் விஷத்தை, மருந்து செய்வோர் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்ற, விஷத்தை எதிர்க்கும் புரதங்கள் அதன் ரத்தத்தில் உண்டாகின்றன. அவற்றைப் பிரித்துச் சுத்திசெய்து குப்பியில் அடைத்ததே நமக்கு வருகிறது. முதல் தவணையிலேயே 8 முதல் 10 குப்பிகள் வரை ஏற்றுகிறார்கள். எத்தனை சுத்திசெய்தாலும் குதிரையின் புரதம் நமக்கு அந்நியம்தானே? அந்நியத்தைக் கண்டால் நம் சரீரம் வாளாவிருப்பதில்லை.

தொண்டை அடைப்பான் நோய்க்காகக் குதிரைச் சீரம் போட்டுக்கொண்ட குழந்தைகளை வியன்னாவில் கவனித்துவந்த கிளெமென்ஸ் வான் பிர்க்கே, பேலா ஷிக் என்ற இரு மருத்துவர்கள், சில நாள் கழித்துக் காய்ச்சலும் தடிப்பும் மூட்டுவலியும் வருவதையும், மறுமுறை போட்டால் அவை முந்திக்கொண்டு வருவதையும் 1905-இல் எழுதிவைத்து, இது உடம்பின் சொந்த எதிர்வினையே என்று துணிந்தார்கள். மறு வருஷம் பிர்க்கே இட்ட பெயரே அலர்ஜி.

இறாலோ குளவிக் கொடுக்கோ எதுவாயினும், முதல் சந்திப்பில் வெளிக்குறி காட்டாமலே உடம்பு அதற்கென்று ஐ.ஜி.ஈ. என்னும் எதிர்ப்பொருளை உண்டாக்கி, தோலிலும் சுவாசக்குழலிலும் குடலிலும் உள்ள மாஸ்ட் அணுக்களின்மேல் பொருத்திவைக்கிறது. பிறகு அப்பொருள் மீண்டும் வந்தவுடன் அவ்வணுக்கள் சேமித்துவைத்த ஹிஸ்டமினைக் கொட்ட, நுண்குழாய்கள் கசிந்து தோல் தடிக்கிறது, சுவாசக்குழல் சுருங்குகிறது, ரத்த அழுத்தமும் சரியக்கூடும். எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் ஒவ்வாமை வந்தது என்று சொல்வோர் பலர். அதன் விபரீத உற்சாகமே காரணம் என்பதுதான் பொருந்தும்.

விஷமுறிவு மருந்தின் விசித்திரம் என்னவென்றால், அதை ஒருபோதும் கண்டிராதவருக்கும் முதல் குப்பியிலேயே கோளாறு வருகிறது, பெரும்பாலும் ஐ.ஜி.ஈ.யின் துணையின்றியே அது எழுகிறது என்கிறார்கள். ஆகையால் தோலில் துளி மருந்து குத்திப் பார்ப்பது இங்கே பயனற்றது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. மருந்தேற்றுவதை நிறுத்தி, தொடையில் அட்ரினலின் ஊசி போட்டு, நிலைமை சீரானபின் மறுபடி ஏற்றுவதே முறை.

பிர்க்கே கண்ட தாமதக் கோளாறு வேறு வகை. குதிரைப் புரதமும் நம் எதிர்ப்பொருளும் ஒன்றையொன்று பற்றித் திரண்டு, வாய்க்காலில் வண்டல் படிவதுபோல் நுண்ணிய ரத்தக்குழாய்களிலும் மூட்டுகளிலும் படிந்து அழற்சியை மூட்டுகின்றன. 1963-இல் ஜெல், கூம்ப்ஸ் என்ற ஆங்கிலேயர் இத்தகைய எதிர்வினைகளை வகுத்த நான்கு பிரிவுகளில் இது மூன்றாவது. பொருந்தாத ரத்தம் ஏற்றினால் வருவது இரண்டாவது. சேராங்கொட்டைச் சாறோ முந்திரிக்கொட்டை எண்ணெயோ பட்ட தோல், ஒருமுறை பழகியபின், இரண்டொரு நாள் கழித்துக் கொப்பளிப்பது நான்காவது.

மருந்து ஒத்துக்கொள்ளாதென்று அஞ்சிப் பாம்புக்கடிக்கு மந்திரிப்போரை நாடாதீர்கள். ஆஸ்பத்திரியில் தந்த சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். வீடு திரும்பி 5 முதல் 14 நாளுக்குள் காய்ச்சலோ அரிப்போ மூட்டுவலியோ கண்டால், அச்சீட்டுடன் மீண்டும் மருத்துவரிடம் சென்று, விஷமுறிவு மருந்து ஏற்றிக்கொண்டதைத் தவறாமல் சொல்லுங்கள்.