கோப்புகள் தானாக வரட்டும், டேட்டா கரையாமல்

காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் குடும்பக் குழுவில் பத்துப் பதினைந்து 'காலை வணக்கம்' படங்கள் வந்து கிடக்கும். நாம் எதையும் தொடவில்லை, கேட்கவும் இல்லை. மொபைல் டேட்டாவிலேயே படங்களைத் தானாக இறக்கிக்கொள்வதுதான் அந்தச் செயலியின் இயல்பு அமைப்பு. ஆக, தானியங்கிப் பதிவிறக்கம் என்பது நமக்குப் புதிய வித்தை அல்ல. நம் கைப்பேசி அதை நாள்தோறும் செய்கிறது. என்ன, வேண்டாததை இறக்குகிறது.

ஈப்போ நகரில் ஃபைபர் இணைப்புள்ள வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு பொருட்டாகத் தெரியாது. சுங்கை சிப்புட், கோலகங்சார், தாப்பா, பீடோர் வட்டாரங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்த பழைய தோட்டங்களில் கதை வேறு. பிரிபெய்ட் எண்ணில் போடும் ரிங்கிட்தான் அங்கு பல வீடுகளில் இணையம். அம்மாவின் கைப்பேசியில் அண்ணன், தங்கை இருவரும் பாடம் படித்த காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. சில மாதங்களில் சபாவின் பித்தாஸ் வட்டாரத்தில் ஒரு பல்கலைக்கழக மாணவி தேர்வெழுத மரத்தின்மேல் ஏறி அமர்ந்த காணொளி நாட்டையே பேச வைத்தது. அதற்குப் பிறகு ஜெண்டேலா திட்டத்தின்கீழ் கோபுரங்கள் கூடின. ஆனால் சிக்னல் வந்துவிட்டதால் கோட்டா பெருகிவிடாது.

வேண்டிய கோப்பு மட்டும், வேண்டிய நேரத்தில், இலவச வைஃபை கிடைக்கும் இடத்தில் தானாக இறங்க வழி உண்டா? உண்டு. அதன் பெயர் செய்தியோடை. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஆர்எஸ்எஸ் என்பார்கள்.

பால்மரம் வெட்டிய தாத்தா பாட்டியைக் கேட்டால் இதன் சூட்சுமம் எளிதில் புரியும். விடியலில் மரத்தைச் சீவி மங்கை வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவார்கள். பால் வடியும்வரை ஒரே மரத்தடியில் நின்றுகொண்டிருந்தால் நிரை எப்போது முடிவது? சேர்ந்த பாலை எடுக்கத்தான் திரும்ப வருவார்கள். செய்தியோடையும் அப்படித்தான். ஓர் இணையதளம் தன் புதிய பதிவுகளின் தலைப்பு, முகவரி, தேதி, அடையாள எண் ஆகியவற்றை ஒரு சிறிய எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதி வைக்கிறது. நம் செயலி அவ்வப்போது போய் அந்தப் பட்டியலைப் படிக்கிறது. அடையாள எண் ஏற்கெனவே பார்த்ததா, புதியதா என்று ஒப்பிடுகிறது. புதியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

நெட்ஸ்கேப் நிறுவனம் 1999-இல் இதைத் தொடங்கி வைத்தது. 2000 இறுதியில் டேவ் வைனர் இதில் 'என்குளோஷர்' என்றொரு பகுதியைச் சேர்த்தார். கடிதத்தோடு இணைப்பு அனுப்புவதுபோல, பட்டியலின் ஒவ்வொரு வரியோடும் ஓர் ஒலிக்கோப்பின் முகவரியையும் அளவையும் சேர்த்துவிடலாம். பாட்காஸ்ட் பிறந்தது அந்தச் சின்ன மாற்றத்தால்தான். 2013 ஜூலையில் கூகுள் தன் ரீடர் சேவையை மூடியபோது செய்தியோடையின் காலம் முடிந்தது என்று பலர் எழுதினார்கள். இன்றும் பாட்காஸ்ட் உலகம் அதன்மேல்தான் நிற்கிறது.

ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். எல்லா ஓடையும் கோப்பைக் கொண்டுவராது. பிபிசி தமிழின் ஓடை செய்தித் தலைப்புகளைத் தரும். யூடியூப் அலைவரிசைகளுக்கும் ஓடை உண்டு, ஆனால் அது புதிய காணொளி வந்திருப்பதைச் சொல்வதோடு சரி. வேர்ட்பிரஸில் இயங்கும் தளம் என்றால் முகவரியின் இறுதியில் சாய்கோடு போட்டு 'ஃபீட்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துப் பாருங்கள், பெரும்பாலும் ஓடை திறக்கும். என்குளோஷர் உள்ள ஓடைதான் கோப்பையே கையில் தரும்.

ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு என் தேர்வு ஆன்டெனாபாட். இலவசம், விளம்பரம் இல்லை, மூலநிரல் வெளிப்படையானது. வேண்டிய ஓடையின் முகவரியை ஒட்டிவிட்டு அமைப்புகளுக்குப் போங்கள். தானியங்கிப் பதிவிறக்கத்தை முடுக்குங்கள். மொபைல் டேட்டாவில் இறக்க அனுமதிக்காதீர்கள். எத்தனை அத்தியாயங்கள் வரை சேமிக்கலாம் என்று வரம்பு வையுங்கள், கேட்டு முடித்தவை தானே அழியட்டும். 32 ஜிபி கைப்பேசி வைத்திருப்பவருக்கு இந்தக் கடைசி அமைப்பு மிக முக்கியம்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். 128 கேபிபிஎஸ் தரத்தில் 40 நிமிட ஒலிக்கோப்பு ஏறத்தாழ 38 எம்பி. பேச்சுக்கு 64 கேபிபிஎஸ் தாராளம், அதில் பாதிதான் ஆகும். ஓடையைச் சோதிப்பதற்கும் செலவு உண்டு. 200 கேபி ஓடையை மணிக்கொரு தரம் முழுதாக இறக்கினால் மாதத்துக்கு 144 எம்பி. நாளுக்கு ஒரு முறை என்றால் 6 எம்பி. நன்றாக அமைத்த வழங்கி 'எதுவும் மாறவில்லை' என்று ஒற்றை வரியில் பதில் சொல்லிவிடும், எல்லா வழங்கியும் அப்படி இல்லை. வாரம் ஒரு முறை வெளியாகும் நிகழ்ச்சியை மணிக்கொரு தரம் எட்டிப் பார்ப்பானேன்?

கணினிக்கு வருவோம். 'எந்த டவுன்லோட் மென்பொருள் நல்லது?' என்று கேட்கும் மாணவர்களில் பலருக்கு எதுவுமே தேவையில்லை. பாடப் பிடிஎஃப் இறக்க உலாவி போதும். தனி மென்பொருள் உதவுவது இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் இடத்தில்தான். 80 எம்பி கோப்பில் 70 இறங்கியதும் லைன் போனால், 'எழுபதிலிருந்து தொடர்ந்து கொடு' என்று வழங்கியிடம் கேட்கத் தெரிந்த மென்பொருள் வேண்டும். டபிள்யூகெட், ஆரியா2 இரண்டும் இதைச் செய்யும். இரண்டும் இலவசம். கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டும் என்று பயப்படாதீர்கள், நான்கைந்து சொற்கள்தான். இன்டர்நெட் டவுன்லோட் மேனேஜர் கட்டண மென்பொருள். நண்பர் பென்டிரைவில் கொடுக்கும் அதன் 'கிராக்' பதிப்பைத் தொடாதீர்கள். உடைத்தவர் உள்ளே என்ன வைத்தார் என்று யாருக்குத் தெரியும்?

கியூபிட்டோரன்ட் மென்பொருளில் ஓடை வசதி உள்ளேயே இருக்கிறது. 'தலைப்பில் இந்தச் சொல் இருந்தால் இறக்கு' என்று விதி எழுதலாம். லினக்ஸ் நிறுவும் கோப்புகளுக்கும், டோரன்ட் வழியாகவும் தரும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தொகுப்புகளுக்கும் பொருத்தமானது. ஆனால் ஹாட்ஸ்பாட்டில் அதைத் திறக்காதீர்கள். டோரன்ட் நமக்கு வாங்கித் தருவதோடு நம்மிடமிருந்து பிறருக்கும் கொடுக்கும். 1 ஜிபி வாங்கி 1 ஜிபி கொடுத்தால் கோட்டாவில் போவது 2 ஜிபி.

அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கினால் ஆபத்தே இல்லை என்பதும் முழு உண்மை அல்ல. 2016 மார்ச்சில் டிரான்ஸ்மிஷன் என்ற நல்ல மென்பொருளின் தளத்துக்குள் யாரோ புகுந்து, மேக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சுநிரலை அதன் நிறுவல் கோப்பில் சேர்த்துவிட்டார்கள். ஃப்ரீ டவுன்லோட் மேனேஜர் தளம் 2020 முதல் 2022 வரை சில லினக்ஸ் பயனர்களை மட்டும் வேறொரு போலி முகவரிக்குத் திருப்பிவிட்டு, கடவுச்சொல் திருடும் கோப்பைக் கொடுத்திருக்கிறது. காஸ்பர்ஸ்கை நிறுவனம் 2023 செப்டம்பரில்தான் அதை வெளியிட்டது. தளமே களவுபோனால் அங்கே போட்டிருக்கும் சரிபார்ப்பு எண்ணையும் மாற்றிவிடலாம். ஆகவே கூடியவரை பிளே ஸ்டோர், எஃப்டிராய்டு, மைக்ரோசாஃப்ட் ஸ்டோர், லினக்ஸின் சொந்தக் களஞ்சியம் போன்ற இடங்களிலிருந்தே எடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் திறக்கவே வேண்டாம். திருமண அழைப்பிதழ் என்று அனுப்பி வங்கிக் கணக்கைத் துடைத்த மோசடிகள் பற்றி நம் காவல்துறை எச்சரித்திருக்கிறது.

எதை இறக்கலாம் என்பதும் கேள்விதான். டெலிகிராமில் சுற்றும் பயிற்சிநூல் ஸ்கேன்கள் பதிப்பகத்தின் உடைமை. எஸ்பிஎம் நெருங்கும்போது அவை இன்னும் வேகமாகச் சுற்றுகின்றன, அதற்காக அவை இலவசமாகிவிடவில்லை. நேர்மையாகக் கிடைப்பதே கைக்கு அடங்காத அளவு இருக்கிறது. மலேசியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டுகளில் பதிப்புரிமை தீர்கிறது. 1954-இல் மறைந்த கல்கியின் எழுத்துக்கு 2004 முடிவோடு அந்தக் காலம் ஆகிவிட்டது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பொன்னியின் செல்வன் முழுதும் இருக்கிறது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் எழுத்தாளர்களே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வழங்கிய நூல்கள் உள்ளன.

அங்கே இபப், பிடிஎஃப் என இரண்டும் இருந்தால் கைப்பேசிக்கு இபப் எடுங்கள். தட்டச்சான நாவல் சில எம்பிக்குள் அடங்கிவிடும். அதே நாவலின் பக்கங்களைப் படம்பிடித்த ஸ்கேன் பல பத்து எம்பி பிடிக்கும், சிறிய திரையில் எழுத்தும் பெரிதாகாது.

இனி நாடி மையத்துக்கோ ஈப்போவில் வைஃபை உள்ள உறவினர் வீட்டுக்கோ போகும்போது கைப்பேசியைச் சார்ஜில் போட்டு, ஆன்டெனாபாட்டை ஒருமுறை திறந்து புதுப்பித்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அதற்கு முன்னால், இன்றைக்கே, வாட்ஸ்அப் அமைப்புகளில் சேமிப்பு, தரவு பகுதிக்குள் போய் மொபைல் டேட்டாவுக்கு நேராக இருக்கும் எல்லாக் குறிகளையும் எடுத்துவிடுங்கள். டெலிகிராமிலும் அதே இடம் இருக்கிறது. அம்மாவின் கைப்பேசியிலும் எடுத்துவிடுங்கள். காலை வணக்கப் படத்தை அவர் தொட்டால் அது அப்போதும் திறக்கும்.