மின்னணுச் சொல் விளையாட்டுக் கருவி

மின்னணுச் சொல் விளையாட்டுக் கருவி என்பது, மறைத்து வைக்கப்பட்ட ஒரு சொல்லை ஆடுபவர் ஊகித்துக் கண்டறியும் வகையில், நுண்கட்டுப்படுத்தி ஒன்றைக் கொண்டு அமைக்கப்படும் சிறிய கருவி ஆகும். நுண்கட்டுப்படுத்தி, காட்சித்திரை, நான்கு பொத்தான்கள், மின்கலங்கள் ஆகியவற்றைக் கொண்டு இதனை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். தமிழில் இதனை அமைக்கும்போது எழும் முதன்மையான சிக்கல், கருவி எதனை ஓர் எழுத்தாக எண்ண வேண்டும் என்பதாகும். இக்கட்டுரை தூத்துக்குடிக் கரையோரச் சொற்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதனை விளக்குகிறது.

வரலாறு

டெக்சாசு இன்சுட்ருமென்ட்சு நிறுவனம் 1978இல் வெளியிட்ட "ஸ்பீக் அண்டு ஸ்பெல்" இவ்வகைக் கருவிகளின் முன்னோடிகளுள் ஒன்று. 4 பிட்டு நுண்கட்டுப்படுத்தியால் இயங்கிய இதில், மறைந்துள்ள சொல்லைக் கண்டுபிடிக்கும் விளையாட்டும் இடம்பெற்றிருந்தது. ஆங்கிலத்தில் 26 எழுத்துகளே உள்ளதால், எழுத்துக்கு ஒரு விசை வைப்பது எளிதாயிற்று. 2005இல் இத்தாலியில் தொடங்கப்பட்ட ஆர்டுயினோ திட்டத்திற்குப் பின்னர், இத்தகைய கருவிகளைத் தாமே செய்வது மாணவர்களுக்கும் எட்டக்கூடியதாயிற்று.

தமிழ் எழுத்துகளைக் கருவிக்குள் அடக்கும் முயற்சி இதனினும் பழைமையானது. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய போர்த்துகீசிய இயேசு சபைத் துறவி என்றீக்கே என்றீக்கசு உருவாக்கிய "தம்பிரான் வணக்கம்" 1578இல் கொல்லத்தில் தமிழ் உலோக அச்சுகளால் அச்சிடப்பட்டது. வடிவம் ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வார்க்க வேண்டியிருந்ததால், எழுத்து வடிவங்களின் எண்ணிக்கையே அச்சுப்பணியின் சுமையாக அமைந்தது. தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றின் தனி வடிவங்கள் நீங்கி அச்சுமை குறைந்தது. சிறு திரையில் தமிழைக் காட்டுவோருக்கும் இப்பயன் கிடைக்கிறது.

எழுத்தை எண்ணுதல்

"தூத்துக்குடி" என்னும் சொல்லில் தூ, த், து, க், கு, டி என ஆறு எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியில் இதே சொல் 12 குறியீடுகளாகவும், யுடிஎஃப்-8 முறையில் 36 பைட்டுகளாகவும் அமைகிறது. உயிர்மெய் எழுத்து மெய்க்குறியாகவும் உயிர்க்குறியாகவும் பிரித்துச் சேமிக்கப்படுவதே இதற்குக் காரணம்.

இவ்வேறுபாட்டைக் கருதாமல் எழுதப்பட்ட நிரல் தவறான விடை தரும். மறைந்துள்ள சொல் "முத்து", ஆடுபவர் தரும் சொல் "உப்பு" எனக் கொள்வோம். இரண்டும் மூன்றெழுத்துச் சொற்கள். ஆனால் ஒருங்குறியில் முன்னது 6 குறியீடுகள், பின்னது 5 குறியீடுகள். குறியீடுகளை வரிசையாக ஒப்பிட்டால் ஓரிடத்திலும் ஒப்புமை தோன்றாது. தமிழ் அறிந்தவருக்கோ உ-மு, ப்-த், பு-து என மூன்று இடங்களிலும் ஒப்புமை தெரியும்: முதலிலும் இறுதியிலும் உகரம், இடையில் புள்ளி.

19 × 13 அட்டவணை

தமிழின் 247 எழுத்துகளை 19 வரிசைகளும் 13 நிரல்களும் கொண்ட அட்டவணையில் மிச்சமின்றி அடக்கலாம். 0ஆம் வரிசையில் 12 உயிர்களும் ஆய்தமும் அமையும். க முதல் ன வரையுள்ள 18 வரிசைகளில் 12 உயிர்மெய்களும் இறுதியில் புள்ளி பெற்ற மெய்யும் அமையும். வரிசை எண்ணை 13ஆல் பெருக்கி நிரல் எண்ணைக் கூட்டினால் எழுத்தின் எண் கிடைக்கும். நிரல்கள் 0 முதல் 12 வரை எண்ணப்படுகின்றன.

எடுத்துக்காட்டாக, மகரம் 10ஆம் வரிசை, உகரம் 4ஆம் நிரல்; ஆகவே மு = 134. இவ்வாறே த் = 103, து = 95. "முத்து" என்பது 134, 103, 95 என்னும் மூன்றே பைட்டுகளாகிறது; யுடிஎஃப்-8இல் இதற்கு 18 பைட்டுகள் தேவை. கிரந்த எழுத்துகளை முழுமையாகச் சேர்த்தால் எண்ணிக்கை 256ஐத் தாண்டுவதால், அவற்றை நீக்கியே சொற்பட்டியலை அமைக்க வேண்டும்.

எண்ணை 13ஆல் வகுக்கும்போது கிடைக்கும் ஈவு மெய்யையும், மீதி உயிரையும் குறிக்கும். எனவே குறிப்புகளை எளிதில் வழங்கலாம்:

• எண்கள் சமம் எனில், எழுத்து சரி.
• ஈவு மட்டும் சமம் எனில், மெய் சரி.
• மீதி மட்டும் சமம் எனில், உயிர் அல்லது புள்ளி சரி.

ஈவு 0ஆக உள்ள இரு எழுத்துகளுக்கு மெய் ஒப்புமை கூறலாகாது. ஆய்தத்தின் மீதியும் 12 ஆதலால், அதனைப் புள்ளியுடன் ஒப்பிடாதவாறு நிரலில் விலக்க வேண்டும்.

உறுப்புகள்

ஏட்மெகா328பி நுண்கட்டுப்படுத்தி இதற்குப் போதுமானது. இதில் 32 கிலோபைட்டு நிரல் நினைவகமும், 2 கிலோபைட்டு தற்காலிக நினைவகமும், மின்சாரம் நின்றாலும் அழியாத 1 கிலோபைட்டு தரவு நினைவகமும் உள்ளன. மூன்றெழுத்துச் சொற்கள் ஆயிரத்திற்கு 3,000 பைட்டுகள் தேவை. அது தற்காலிக நினைவகத்தில் அடங்காது; ஆகவே பட்டியலை நிரல் நினைவகத்திலேயே வைத்துப் படிக்க வேண்டும்.

பரவலாகக் கிடைக்கும் 16 × 2 எழுத்துத் திரையில் ஓர் எழுத்துக்கு 5 × 8 புள்ளிகளும், பயனர் வரையும் வடிவங்களுக்கு எட்டு இடங்களுமே உண்டு. "ண", "ஞ" போன்றவை அதில் தெளிவாக அமைவதில்லை. 128 × 64 புள்ளித் திரை பொருத்தமானது. உயிர், மெய், துணைக்குறி, உகர ஊகார வடிவங்கள், டி, டீ எனப் பிரித்து வரைந்தால் 247க்குப் பதிலாக 76 வடிவங்கள் போதும். வடிவத்திற்கு 16 × 16 புள்ளிகள் எனில், மொத்தம் 2,432 பைட்டுகள் ஆகும்.

இரண்டு பொத்தான்கள் மெய் வரிசையை முன்னும் பின்னும் நகர்த்த, ஏனைய இரண்டும் உயிர் நிரலை நகர்த்தும். மெய்க்கான இரண்டையும் ஒருசேர அழுத்தினால் எழுத்து உறுதியாகும். பொத்தானை ஒருமுறை அழுத்தும்போது அதன் தொடுமுனைகள் பலமுறை அதிர்வதால், ஏறத்தாழ 20 மில்லி நொடி காத்திருந்து மீண்டும் படித்த பின்னரே அழுத்தத்தை ஏற்க வேண்டும். தூத்துக்குடி போன்ற உப்பளப் பகுதிகளில் உப்புக்காற்று தாமிரத்தை அரிக்கும். பற்றவைத்த பின் சுற்றுப் பலகையைத் தூய்மை செய்து காப்பு மெருகு பூசுதல் நன்று.

சொற்பட்டியல்

கருவியின் கல்விப் பயன் அதன் சொற்பட்டியலைப் பொறுத்தது. முத்து, சங்கு, சிப்பி, உப்பு ஆகியவை மூன்றெழுத்துச் சொற்கள். தோணி, பார் (முத்துச் சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத்திட்டு) ஆகியவை ஈரெழுத்துச் சொற்கள். வள்ளம் நான்கெழுத்துச் சொல். முத்துக்குளிப்புத் தொழில் மறைந்துவிட்ட நிலையில், அத்தொழிலின் சொற்கள் இளைய தலைமுறைக்குப் பழக்கமற்றவையாகி வருகின்றன. மாணவர்கள் தம் ஊர்ப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்கும் பட்டியல், அகராதியிலிருந்து எடுப்பதைக் காட்டிலும் இக்கருவிக்குப் பொருத்தமானதாக அமையும்.