ஓடி முடித்தால் மட்டும் போதாது

குதிரைப் பந்தயம் என்றதும் சூதாட்டமும், அதனால் சீரழிந்த குடும்பங்களுமே நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். பந்தயத் திடலில் ஓடும் ஓட்டம் இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. ஆனால் ஒரு பகலும் ஓர் இரவும் நீடிக்கிற, பரிசுப் பணமே இல்லாத ஒரு குதிரைப் பிரயாணம் உண்டு என்பதை அறிவீர்களா? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் 'டெவிஸ் கப்' என்பதே அது.

அறுபது வயதில் ஒரு பிரயாணம்

ஆபர்ன் என்னும் ஊரில் வெண்டெல் ராபி என்ற வணிகர் வாழ்ந்துவந்தார். இக்காலத்துக் குதிரைகளால் ஒரே நாளில் 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர், செல்ல முடியுமா என்ற கேள்வி எழுந்தபோது, அவர் வாதாடிக்கொண்டிராமல் செய்து காட்டினார். 1955-ஆம் ஆண்டு, தமது அறுபதாவது வயதில், நான்கு தோழர்களோடு தாஹோ ஏரிக்கரையிலிருந்து புறப்பட்டு, 24 மணி நேரத்துக்குள் ஆபர்னை வந்தடைந்தார். அன்று தொடங்கிய பிரயாணம் இன்றளவும் நிலைத்திருக்கிறது.

பாதையோ எளிதானதல்ல. சியரா நெவாடா மலைத்தொடரின் செங்குத்தான ஏற்றங்களையும், 38 பாகைக்கு மேல் வெப்பம் ஏறும் பள்ளத்தாக்குகளையும் கடக்கவேண்டும். அதிகாலை 5.15 மணிக்குப் புறப்படுகிறவர்கள் மறுநாள் அதே வேளைக்குள் வந்து சேரவேண்டும். இரவில் ஆற்றையும் கடக்க வேண்டியிருப்பதால், பௌர்ணமியை ஒட்டிய சனிக்கிழமையையே பெரும்பாலும் தெரிந்துகொள்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் இறக்கங்களில் தாங்களே இறங்கி நடக்கிறார்கள். ஏற்றங்களில் குதிரையின் வாலைப் பற்றிக்கொண்டு பின்னே செல்கிறவர்களும் உண்டு. சுமப்பதற்கென்று வந்த மிருகத்தின் பாரத்தை, சுமக்கப்படுகிறவரே குறைக்கிறார்.

தீர்ப்பு யாருடையது?

வழிநெடுகக் கால்நடை மருத்துவர்கள் காத்திருக்கிறார்கள். ஓய்விலிருக்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 30 முதல் 40 முறை துடிக்கும். மலையேறி வரும்போது அது பலமடங்கு உயர்ந்திருக்கும். குறித்த நேரத்துக்குள் அத்துடிப்பு குறித்த அளவுக்கு இறங்கவேண்டும். 60, 64 என்பவை இவ்வகைப் போட்டிகளில் வழக்கமான வரம்புகள்.

அதோடு சோதனை முடிவதில்லை. தோலைக் கிள்ளிவிட்டு, அது உடனே சமமாகிறதா என்று பார்க்கிறார்கள். மெல்லச் சமமானால் உடலில் நீர் வற்றியிருக்கிறது. ஈறை விரலால் அழுத்தி, வெளுத்த இடத்தில் இரத்தம் திரும்பும் நேரத்தைக் கவனிக்கிறார்கள். வயிற்றில் கருவியை வைத்துக் குடலின் ஓசையைக் கேட்கிறார்கள். கடைசியாகச் சற்றுத் தூரம் ஓடவிட்டு, காலில் நொண்டல் உண்டா என்று பார்க்கிறார்கள். ராபின்சன் ஃபிளாட், ஃபாரஸ்ட்ஹில் ஆகிய இரண்டு இடங்களில் ஒவ்வொரு மணி நேரம் கட்டாய ஓய்வும் உண்டு. அந்த இரண்டு மணி நேரமும் 24 மணிக் கணக்கில் சேர்ந்ததே. ஓய்வும் பிரயாணத்தின் ஒரு பகுதி என்று விதியே சொல்லுகிறது.

மருத்துவர் 'போதும்' என்றால், இன்னும் ஒரு மைலே மீதியிருந்தாலும் பிரயாணம் அங்கே முடிந்தது. ஆபர்னை எட்டிய பின்பும் ஒரு சோதனை உண்டு. இன்னும் ஓடத்தக்க நிலையில் குதிரை இருந்தால்தான் அது முடித்ததாக எண்ணப்படும். தொடங்குகிறவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரே வெள்ளி பக்கிளைப் பெறுகிறார்கள். முதலாவது வருகிறவருக்கு டெவிஸ் கோப்பை. ஆனால் 1964 முதல் ஹேகின் கோப்பை என்ற மற்றொன்றும் வழங்கப்படுகிறது. முதல் பத்துக் குதிரைகளில் எது மிகுந்த உடல்நலத்தோடு நிற்கிறதோ, அதற்கே அது உரியது. பலர் இதையே மேலானதாக மதிக்கிறார்கள்.

எல்லை மீறியபோது

இந்த எச்சரிக்கைகள் வீணல்ல. 2018 செப்டம்பரில் அமெரிக்காவின் ட்ரையன் நகருக்கு அருகே உலகக் குதிரையேற்றப் போட்டிகள் நடைபெற்றன. நெடுந்தூர ஓட்டத்தின்போது வெப்பமும் காற்றின் ஈரமும் அபாயமாய்ப் பெருகின. ஓட்டம் நடுவிலேயே ரத்து செய்யப்பட்டது. நீர் வற்றிச் சிறுநீரகம் செயலிழந்த ஒரு குதிரையைப் பிழைப்பிக்க இயலாமல், அதன் வேதனையை முடிக்க வேண்டியதாயிற்று. குதிரை 'என்னால் இயலாது' என்று சொல்லாது. தன்மேல் அமர்ந்திருப்பவர் தட்டினால், விழும்வரை ஓடும்.

நிறுத்தப்பட்டவர் எல்லாரும் தோற்றவருமல்லர். 1973-இல் கார்டி எய்ன்ஸ்லி என்பவரின் குதிரை நொண்டியதால் அவர் பாதிவழியில் விலக நேர்ந்தது. மறு ஆண்டு அவர் குதிரையின்றித் தம் கால்களாலேயே அப்பாதையை ஓடி, 23 மணி 42 நிமிடத்தில் முடித்தார். உலகப் புகழ்பெற்ற 100 மைல் மனித ஓட்டம் ஒன்று அதிலிருந்தே பிறந்தது.

நம்முடைய வீடுகளில்

பிரியமானவர்களே, பிழைப்புக்காக ஊரைவிட்டு மாநகரங்களுக்கு வந்திருக்கிற நமக்கு இது அந்நியமான காரியமா? இரவுப் பணி, கூடுதல் நேர வேலை, இரண்டு மணி நேர ரயில் பிரயாணம், ஊருக்கு அனுப்பவேண்டிய பணம் ஆகியவை நாள்தோறும் நம்மைத் தட்டி ஓட்டுகின்றன. பிள்ளையின் படிப்பு முடியட்டும், தங்கையின் கலியாணம் முடியட்டும், வீட்டுக் கடன் தீரட்டும் என்று ஓடுகிறோம். நம் வீட்டில் வாய்திறவாமல் சுமக்கிறவர் யார்? உணவு வேளையில் பேச்சுக் குறைந்துபோன தகப்பனா? காய்ச்சலோடும் சமைக்கிற தாயா? மதிப்பெண்ணுக்கு அஞ்சித் தூக்கம் இழந்த மகளா? நின்று கவனிக்கிறவர் ஒருவராவது வீட்டில் இருக்கவேண்டும்.

மாதம் ஒருமுறை குடும்பமாக அமர்ந்து, ஒருவரையொருவர் விசாரியுங்கள். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் காலத்தோடு பரிசோதியுங்கள். மருத்துவர் 'ஓய்வெடுங்கள்' என்றால், 'இந்த மாதம் மட்டும்' என்று தள்ளிப்போடாதிருங்கள். இலக்கை அடைவது நல்லது. அடைந்த அன்று, அடுத்த நாளும் நடக்கத்தக்கவர்களாய் நிற்பது அதிலும் நல்லது.