நீர்மூழ்கியின் முதுமை

நீர்மூழ்கிக் கப்பலில் முதன்முறை செல்லும் இளம் மாலுமிக்கு மூத்தவர்கள் காட்டும் வேடிக்கை ஒன்று உண்டு. இரு பக்கச் சுவர்களுக்கிடையே ஒரு நூலை விறைப்பாகக் கட்டிவிடுவார்கள். கப்பல் ஆழத்தில் இறங்க இறங்க அந்நூல் மெல்லத் தொய்ந்து நடுவில் தாழும். நூறு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் எஃகின்மீதும் ஏறக்குறைய நூறு டன் பாரம் அழுத்துவதால் கப்பலின் சரீரமே குறுகிவிடுகிறது. மேலே வந்ததும் விரிந்துகொள்கிறது. இப்படிக் குறுகியும் விரிந்தும் பல்லாண்டுகளில் எஃகு களைத்துப் போவதால், சுமார் முப்பது ஆண்டுகளே அதன் ஆயுள் என்று கணக்கிட்டு வைக்கிறார்கள். பழுது பார்த்து ஆயுளை நீட்டலாம். ஆயினும் அது எளிய காரியமன்று. சிந்துகீர்த்தி என்ற நம் கப்பல் 2006-இல் விசாகப்பட்டினத்தில் பணிமனை ஏறி, 2015-இல்தான் திரும்பியது.

ஆகவே பழையது ஓயுமுன் புதியது வந்து சேரவேண்டும். நம் கடற்படைக்கு இது கசப்பான அனுபவத்தால் விளங்கிய உண்மை. ஜெர்மானிய மாதிரியில் மும்பை மசகான் தளத்தில் கட்டிய சங்குல் 1994-இல் பணியேற்றபின், அங்கே நீர்மூழ்கி கட்டும் வேலை நின்றது. வட்டவடிவ எஃகுக் கூட்டை மயிரிழைப் பிளவுமின்றிப் பற்றவைக்கக் கற்ற கரங்கள் வேறு தொழிலுக்குப் போயின. 1999-இல் முப்பதாண்டுத் திட்டம் வகுத்து, 2005-இல் பிரெஞ்சு மாதிரியான ஆறு கப்பல்களுக்கு ஒப்பந்தம் செய்தபோது, அந்த வித்தையை ஏறக்குறைய ஆதியிலிருந்து பயில நேர்ந்தது. கப்பல் கட்டும் சாமர்த்தியத்தைப் பெட்டகத்தில் பூட்டி வைக்க இயலாது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

மாலுமிகளின் நிலையும் இதுவே. இருட்டில் கைதடவியே வேண்டிய வால்வை எட்டிப் பிடிக்கும் பழக்கம் கடலுக்குள் வாழ்ந்தே வரவேண்டும். அதற்குப் பள்ளிக்கூடம் பழைய கப்பலே. கப்பல்களின் எண்ணிக்கை குறைந்தால், நாளைய தலைவர்கள் பயில இடமே குறைந்துபோகும்.

1967 டிசம்பர் 8-ஆம் நாள் சோவியத் நாட்டிலிருந்து பெற்ற கல்வரியோடு தொடங்கிய வரிசையில் எட்டுக் கப்பல்கள் இருந்தன. கடைசியாக வாக்லி 2010-இல் ஓய்ந்தது. பிரெஞ்சு மாதிரியான ஆறில் முதலாவதான புதிய கல்வரி 2017-இல் வந்தது. ஆறாவதான வாக்‌ஷீர் 2025 ஜனவரியில் சேர்ந்தது. ஆறும் முன்னோரின் பெயர்களையே தாங்குகின்றன. பழைய எட்டில் பெயர் மறுபடி சூட்டப்படாது எஞ்சிய இரண்டில் ஒன்றான குர்சுரா விசாகப்பட்டினத்துக் கடற்கரையில் காட்சிக்கு நிற்கிறது. அதனுள் குனிந்து நுழைந்து, ஒருவர் பின் ஒருவராய் நடக்கும் குழந்தைகள் குழாய்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே செல்கிறார்கள்.