விராலுக்கு ஆட்டு மயிர்ப் பொய்மீன்

கட்லா, ரோகு குஞ்சு விட்ட குளத்தில் விரால் புகுந்தால் குஞ்சு தேறாது. தவளை கோத்துப் பிடிப்பது பழைய வழக்கம். 1987-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பாப் கிளௌசர் என்பவர் கட்டிய பொய்மீனும் இதற்கு ஏற்றது. அவர் மான்வால் மயிர் வைத்தார். இங்கே மான் மயிரைத் தொட்டால் வனச் சட்டம் பாயும். வெள்ளாட்டு மயிரே போதும்.

தூண்டில் முள்ளின் தண்டில், காதுக்குச் சற்றுப் பின்னே, இரண்டு சிறு ஈயக் குண்டுகளை நூலால் இறுகக் கட்ட வேண்டும். அந்தக் கனத்தில் முள் புரண்டு முனை மேல்நோக்கி நிற்கும். பாசியில், வேரில் அதிகம் மாட்டாது. வயிற்றுக்கு வெள்ளை மயிர், முதுகுக்குக் கறுப்பு. மயிரைச் சிக்கனமாக வைக்கவும். அடர்த்தியாகக் கட்டினால் அது மீன் அல்ல, துடைப்பம்!

வெடுக்கென இழுத்து நிறுத்தினால் தலை கவிழ்ந்து இறங்கும். பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் விரால் கவ்வும். அதன் பல் கூர்மையானது. நரம்பு கனமாக இருக்கட்டும்.