ஒரு பெட்டியில் மூன்று மின்னழுத்தங்கள்



உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையைக் கூறும் அவற்றை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று பணிகளைப் பிரித்து வைத்தனர் அவ்வூரார். பிரித்து வைத்தல் ஊராட்சிக்கு மட்டுமன்று, நம் வீட்டு மின்பலகைக்கும் இன்றியமையாதது. அதனையே இன்று விளக்க விரும்புகிறேன்.

மும்முனை இணைப்புள்ள ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கிணற்று மோட்டாருக்கு ஏறத்தாழ 400 வோல்ட்டு. விளக்குக்கும் விசிறிக்கும் 230 வோல்ட்டு. மேல்நிலைத் தொட்டியில் நீர்மட்டத்தை உணர்த்தும் கருவிக்கு 12 வோல்ட்டு. எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் இம்மூன்றின் கம்பிகளையும் ஒரே கட்டாகக் கட்டி ஒரே பெட்டிக்குள் செலுத்தியிருப்பதை நான் கண்டதுண்டு.

இதில் என்ன கேடு? 12 வோல்ட்டு நம் உடலைத் தாக்கும் வலிமையற்றது. ஆனால், அருகிலுள்ள 230 வோல்ட்டுக் கம்பியின் உறை வெப்பத்தாலோ எலியாலோ சிதைந்து, இரண்டும் தொட்டுக்கொண்டால், தொட்டி நீரில் 230 வோல்ட்டு இறங்கிவிடும். அந்நீரில் கைவைத்துத் தொட்டியைக் கழுவுபவரின் கதி என்ன? தாழ்ந்த மின்னழுத்தம் தனித்திருக்கும் வரையில்தான் தீங்கற்றது.

ஆகவே முதலில் மின்மாற்றியைக் கவனிப்போம். இரு சுருள்கள் தனித்தனியே அமைந்து, காந்தப்புலத்தால் மட்டுமே தொடர்புடைய மின்மாற்றியே இதற்கு ஏற்றது. ஒரே சுருளாலான மின்மாற்றி அழுத்தத்தைக் குறைக்குமேயன்றிப் பிரிக்காது. அடுத்து, பெட்டியின் நடுவே ஒரு தடுப்பு வேண்டும். உயர் அழுத்தக் கம்பிகள் ஒரு பக்கமும், தாழ் அழுத்தக் கம்பிகள் மறுபக்கமும் தனித்தனிக் குழாய்களில் செல்லவேண்டும். மோட்டாரை இயக்கும் ரிலே ஒன்றே இருபுறத்தையும் இணைக்கும் பாலம். அதிலும் சுருள் தாழ் அழுத்தத்திலும், தொடுமுனைகள் உயர் அழுத்தத்திலும் இருக்க, இடையில் மின்தொடர்பு இராது.

மூன்றாவது, எர்த் இணைப்பு. இரும்புப் பெட்டியோடு அதன் கதவையும் எர்த்துடன் இணைக்கவேண்டும். இதற்குத் துணையாக 30 மில்லியாம்பியர் கசிவுக் காப்புச் சுவிட்ச் ஒன்று வேண்டும். வெளியே செல்லும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் வேறுபட்டால் அது உடனே இணைப்பைத் துண்டித்துவிடும். 5 ஆம்பியர் பியூஸ் இதைச் செய்யாது. ஓர் ஆளைக் கொல்லும் மின்னோட்டம் அதனை உருக்கப் போதாது. எனினும் கசிவுச் சுவிட்சுக்கும் எல்லை உண்டு. தரையோடு தொடர்பின்றி நிற்கும் ஒருவர் பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேரத் தொட்டால், வேறுபாடு இல்லாமையால் அது வாளாவிருக்கும். ஆதலால் அது பிரித்தலுக்குத் துணையேயன்றி மாற்றாகாது.

இன்வெர்ட்டரும் சூரியத் தகடும் உள்ள வீடுகளில் மற்றொன்றையும் நினைவிற் கொள்க. மெயின் சுவிட்சை நிறுத்தினாலும் இன்வெர்ட்டர் வழியே 230 வோல்ட்டு வந்துகொண்டிருக்கும். வெயில் உள்ளவரை தகடும் ஓயாது. மேலும், மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால் சுவிட்சில் எழும் பொறி எளிதில் அணையும். நேர்திசை மின்னோட்டத்தின் பொறியோ நீடித்து எரியும். அதற்கெனச் செய்த சுவிட்சையே பொருத்தவேண்டும். பாட்டரியின் 12 வோல்ட்டு நம்மைத் தாக்காவிடினும், அதன் முனைகளை ஒரு திருப்புளி இணைத்துவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து தீ மூளும். பியூஸ் அதன் அருகிலேயே இருத்தல் நலம்.

இவ்வேலைகளை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்யவேண்டும். நீங்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பெட்டிக்குள் எத்தனை வழிகளில் மின்சாரம் வருகிறது, ஒவ்வொன்றையும் எங்கே நிறுத்துவது என்பதைக் கேட்டறிந்து, தெளிவான தமிழில் எழுதிக் கதவின் வெளிப்புறத்தில் ஒட்டிவையுங்கள். இருட்டில் அவசரமாக அப்பெட்டியைத் திறக்க வருபவரை அந்த நான்கு வரிகள் காக்கக்கூடும்.