கொர்னீலியா: கல்சுவர் தாங்கி நிற்கும் கடலோரக் கிராமம்

இத்தாலியின் வடமேற்குக் கரையில், லிகுரியா வட்டாரத்தில், ஐந்து சிற்றூர்கள் வரிசையாக இருக்கின்றன. ஐந்தையும் சேர்த்து ‘சிங்க்வே தெர்ரே’ என்கிறார்கள். ‘ஐந்து நிலங்கள்’ என்று பொருள். மற்ற நான்கு ஊர்களிலும் படகு நிற்கும். நடுவில் இருக்கும் கொர்னீலியாவில் நிற்காது. கடலிலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில், பாறை முகட்டின் மேல் அது இருக்கிறது. கூட்டம் குறைவாக இருக்கும் என்பதால் அங்கேயே இரண்டு இரவு தங்கினேன்.

லா ஸ்பெட்சியா நகரிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்திற்குள் வந்துவிடலாம். நிலையம் கீழே, ஊர் மேலே. இடையில் ‘லர்தரீனா’ என்ற செங்கல் படிக்கட்டு, 33 அடுக்குகளாக, ஏறக்குறைய 380 படிகளுடன் வளைந்து ஏறுகிறது. பத்துமலையின் 272 படிகள் ஏறிப் பழகிய எனக்கே மூச்சு வாங்கியது. முடியாதவர்களுக்குச் சிற்றுந்து உண்டு.

மேலே குறுகலான ஒரு தெருதான் ஊரின் உயிர்நாடி. அதன் கோடியில் உள்ள திறந்தவெளி மாடத்தில் நின்றால், காலடியில் செங்குத்தான பாறை. அதற்குக் கீழே மத்தியதரைக் கடல்.

சாந்து பூசாத சுவர்கள்

என்னை அதிகம் ஈர்த்தது கடல் அல்ல, மலைச்சரிவு. உச்சி வரை படிப்படியாகத் திராட்சைத் தோட்டங்கள். ஒவ்வொரு படியையும் தாங்குவது, சாந்து இல்லாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கிய சுவர். பல நூற்றாண்டுகளாகக் கைகளால் கட்டியவை. 14ஆம் நூற்றாண்டிலேயே பொக்காச்சியோ தம் ‘டெக்கமரான்’ நூலில் இவ்வூர் ஒயினைக் குறிப்பிட்டிருக்கிறார்.

மழைநீர் கல் இடுக்குகளில் கசிந்து இறங்கும், மண் தங்கிவிடும். ஆனால் இடிந்த கல்லை உடனுக்குடன் எடுத்து வைக்க ஆள் வேண்டும். நான் தங்கிய வீட்டின் மூதாட்டி ஜன்னல் வழியே புதர் மண்டிய ஒரு சரிவைக் காட்டினார். அது அவருடைய அப்பா பயிரிட்ட நிலமாம். பிள்ளைகள் நகரத்து வேலைக்குப் போய்விட்டார்கள். தோட்டத்தைவிட, வாடகை அறைதான் இப்போது சோறு போடுகிறது என்றார்.

கைவிட்ட சுவர் சரிந்தால் மண்ணும் சரியும். 2011 அக்டோபர் 25ஆம் தேதி பெய்த பேய்மழையில் அருகிலுள்ள வெர்னாட்சா, மொந்தெரோஸ்ஸோ ஊர்கள் சேற்றில் புதைந்தன, உயிர்களும் பலியாயின. அவ்வளவு மழையைச் சுவர்களால் மட்டும் தடுத்திருக்க முடியாதுதான். ஆனால் பராமரிப்பில்லாத சரிவுகளின் ஆபத்தை அந்த நாள் எல்லாருக்கும் உணர்த்தியது.

1997இல் இப்பகுதி யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. 1999இல் தேசியப் பூங்காவானது. நடைபாதைகளுக்கு வசூலாகும் கட்டணம் பராமரிப்புக்கும் உதவுகிறது.

போக விரும்புவோருக்கு

ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் மாதம் நல்லது. மலைப்பாதையில் நடக்கப் பிடிமானமுள்ள காலணி அவசியம். ஜப்பான் சிலிப்பரோடு ஏறினால் அபராதம் விதிக்கப்படலாம். கனமழை எச்சரிக்கை வந்தால் பாதைகளை மூடிவிடுவார்கள். முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் ஓர் இரவாவது தங்குங்கள். உள்ளூர்த் திராட்சையையும் தேனையும் வாங்குங்கள். அந்தச் சரிவில் இன்னும் கல் அடுக்கிக்கொண்டிருப்பவர்களுக்கு அதுவே பேருதவி.